கலை மானியக் குழுவுக்குப் பெயர் கொடுக்கலாமா?

நீங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பதினைந்து வருடமாகத் தமிழ் நாடகமும் கூத்தும் செய்துவருகிறீர்கள். ஒன்ராரியோ கலை மன்றத்துக்கு வரும் மானிய (கிராண்ட்) விண்ணப்பங்களைப் படித்து மதிப்பிடுகிறவர்களின் பட்டியலுக்குப் பெயர் கொடுக்கும்படி நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். "என் ஆங்கிலம் அவ்வளவு சரளம் இல்லை, கிராண்ட் எழுதிய அனுபவமும் குறைவு. போனால் எங்கள் ஆட்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா, இல்லை கணக்குக் காட்ட ஒரு தமிழ் முகமாக உட்கார்ந்துவிட்டு வருவேனா? அப்புறம் நானே விண்ணப்பிக்க முடியாமல் போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயரைக் கொடுங்கள். இந்த வருடமே கொடுங்கள். இப்படியான குழுக்களில் சில தடவை இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மேசையில் கூத்துத் தெரிந்த ஒருவர் இருப்பதற்கும் இல்லாததற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆனால் "எங்கள் ஆட்களுக்கு ஏதாவது செய்ய" என்ற நினைப்போடு போகாதீர்கள். அதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், உங்களை ஏன் கேட்கிறார்கள் என்பது. இங்கே கலைக்குப் பொதுப்பணம் மூன்று இடத்திலிருந்து வருகிறது: 1957இல் தொடங்கிய கனடா கலை மன்றம், 1963இல் தொடங்கிய ஒன்ராரியோ கலை மன்றம், 1974இல் தொடங்கிய ரொறன்ரோ கலை மன்றம். கனடா கலை மன்றம் பிறந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. வின்சென்ற் மசி தலைமையில் 1949இல் அமைந்த அரச ஆணைக்குழு, நாட்டுக்கு இப்படி ஒரு மன்றம் வேண்டும் என்று 1951இல் அறிக்கை கொடுத்தது. சில வருடங்கள் அப்படியே கிடந்தது. பிறகு ஐசாக் வால்டன் கில்லம், சேர் ஜேம்ஸ் டன் என்ற இரண்டு பெரும் பணக்காரர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களின் சொத்திலிருந்து அரசுக்கு வந்த வரிப்பணத்தில் 10 கோடி டொலரை ஒதுக்கினார்கள். அதில் பாதி பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குப் போனது, மற்றப் பாதி மன்றத்தின் மூலதனமானது.

பணம் அரசுடையது. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதில் அமைச்சர் கை வைக்கக் கூடாது என்பது தொடக்கத்திலிருந்தே இருக்கும் விதி. 1946இல் பிரித்தானியக் கலை மன்றம் அமைந்த காலத்திலேயே வேரூன்றிய எண்ணம் இது. சரி, அமைச்சர் தீர்மானிக்கக் கூடாது என்றால் யார் தீர்மானிப்பது? அந்தந்தக் கலையைச் செய்கிறவர்களே. நாடகக்காரரின் விண்ணப்பத்தை நாடகக்காரர்கள் படிப்பார்கள், நடனக்காரருடையதை நடனக்காரர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் குழுவை மாற்றுவார்கள். அதனால்தான் புதிய பெயர்கள் எப்போதும் தேவைப்படுகின்றன. இது முழுச் சேவையும் இல்லை, வேலையும் இல்லை. ஒரு மதிப்பூதியம் கொடுப்பார்கள், வருமான வரிக்கும் காட்ட வேண்டும். நீங்கள் செலவழிக்கும் மணித்தியாலங்களோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகைதான். பணத்துக்காகப் போகிறவரை நான் கண்டதில்லை.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மேசையில் யார் இருக்கிறார்களோ, அவர்களுக்குத் தெரிந்ததுதான் கலை. ரொறன்ரோவில் 1970களிலிருந்து பரதமும் ஒடிசியும் ஆடிக் கற்பித்த மேனகா தாக்கர் போன்றவர்களின் அனுபவம் அதற்குச் சாட்சி. நெடுங்காலம் இந்த நாட்டில் தொழில்முறை நடனம் என்றால் பலே, இல்லாவிட்டால் மொடேர்ன் டான்ஸ். மற்றதெல்லாம் 'பல்கலாசாரம்' என்ற பெட்டிக்குள் போய்விடும். பத்து வயதிலிருந்து அடவு பழகி, வாழ்நாள் முழுவதும் அதையே தொழிலாகக் கொண்டவரையும் சமூக விழாவில் ஆடுகிறவரையும் ஒரே கண்ணால் பார்த்தார்கள். அந்த மேசையில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. முழங்காலை மடித்து அரைவாசி இருந்தபடி ஆடும் அரைமண்டி என்றால் என்ன, அதை ஒன்றரை மணி நேரம் தளராமல் வைத்திருப்பதற்கு எத்தனை வருடம் வேண்டும் என்று சொல்ல அங்கே ஆள் இருக்கவில்லை. கலைஞர்கள் விடாமல் கேட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் கனடா கலை மன்றம் இனச் சமத்துவம் பற்றி ஆலோசனை கேட்கத் தொடங்கியது, குழுக்களின் முகமும் மெல்ல மாறியது. 2013இல் மேனகா தாக்கருக்கு ஆளுநர் நாயகத்தின் அரங்கக் கலை வாழ்நாள் சாதனை விருது கிடைத்தது. அந்த நாற்பது வருட இடைவெளியை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பு அங்கிருந்து வருகிறது.

இனி வேலை எப்படி நடக்கும் என்று பார்ப்போம். தனித்தனித் திட்டங்களுக்கான கிராண்ட் என்றால் ஜூரியாக இருப்பீர்கள், யாருக்கு எவ்வளவு என்பதில் உங்கள் சொல் நேரடியாக எடுபடும். அமைப்புகளுக்கு வருடா வருடம் கொடுக்கும் செயற்பாட்டு நிதி என்றால் ஆலோசகராக இருப்பீர்கள். நீங்கள் கருத்தும் மதிப்பீடும் கொடுப்பீர்கள், அதை வைத்து அலுவலர்கள் பரிந்துரை எழுதுவார்கள். இரண்டிலும் கூட்டத்தை நடத்துவது திட்ட அலுவலர். அவர் வாக்களிப்பதில்லை. கூட்டத்துக்குச் சில வாரம் முன்பே விண்ணப்பங்கள் இணையத்தில் உங்களுக்குத் திறக்கும். ஒன்ராரியோவில் கலைத்தரம், தாக்கம், நடத்திமுடிக்கக்கூடிய தன்மை என்ற மூன்றையும் பார்க்கச் சொல்வார்கள். கூட்டம் ஒரு நாளோ இரண்டு நாளோ போகும்.

ஆனால் உண்மையான வேலை கூட்டத்தில் இல்லை, வீட்டில் நீங்கள் தனியாக இருந்து படிக்கும் நேரத்தில்தான். ஐம்பது, அறுபது விண்ணப்பம் வரலாம். ஒவ்வொன்றிலும் எழுத்து, பட்ஜெட், பங்குபெறுவோரின் விவரம், அப்புறம் ஒலி அல்லது காணொளி மாதிரி இருக்கும். ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தாலும் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு முந்திய வார இறுதியில் முடிக்கலாம் என்று நினைத்தால் பிழையாகிப்போகும். களைத்த கண்ணோடு படிக்கும் நாற்பதாவது விண்ணப்பத்தை எழுதியவரும் முதலாவதை எழுதியவரைப் போலவே மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார். நான் ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் படிப்பதில்லை. முதல் நாள் படித்தவற்றைக் கடைசியில் ஒரு தடவை திரும்பப் பார்ப்பேன். ஏனென்றால் முதல் நாளில் என் அளவுகோல் எப்போதும் வேறாக இருந்திருக்கும்.

முதல் தடவை இருந்தபோது நான் இரண்டு பிழை விட்டேன். உள்ளே நடப்பது ரகசியம் என்பதால் விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். தமிழ் நாடகம் ஒன்றுக்கான விண்ணப்பம் வந்தது. அந்த மூலக்கதை எனக்கு மனப்பாடம். படிக்கப் படிக்க மேடை என் கண் முன்னால் எழுந்தது, உயர்ந்த புள்ளி போட்டேன். பிறகு திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் கண்ட மேடை எதுவும் அந்தத் தாளில் இல்லை. நெறியாளர் என்ன செய்யப் போகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. எல்லாம் என் ஞாபகத்திலிருந்து வந்தது. இரண்டாவது, ஏரியில் பனிக்கட்டி உடையும் ஓசைகளை வைத்து ஒருவர் செய்திருந்த ஒலிப் படைப்பு. குசினி மேசையில், மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டேன். வெறும் இரைச்சல் என்று குறித்துவைத்தேன். இரவு மனம் கேட்கவில்லை. ஹெட்போன் போட்டுத் திரும்பக் கேட்டேன். இரைச்சலுக்கு அடியில் மிகத் தாழ்ந்த ஒரு முனகல் போய்க்கொண்டே இருந்தது, பனி வெடிக்கும்போதெல்லாம் அது ஒரு படி இறங்கியது. ஸ்பீக்கரில் அந்த அடி ஒலி வரவே இல்லை. நான் இரைச்சல் என்று எழுதியது அவருடைய படைப்பை அல்ல, என் ஸ்பீக்கரை.

இரண்டு புள்ளியையும் மாற்றினேன். அன்றிலிருந்து எனக்குத் தெரியாத கலை என்றால் இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குகிறேன், மிக நன்றாகத் தெரிந்த கலை என்றால் தாளில் இருப்பதை மட்டும் படிக்க என்னையே கட்டுப்படுத்துகிறேன். ஒன்றைக் கவனியுங்கள். நாங்கள் பரதத்துக்கும் கூத்துக்கும் பொறுமையான கண் வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள். அதே கண்ணை மற்றவர்களின் கலைக்கும் கொடுக்காவிட்டால் எங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை இல்லை.

இப்போது உங்கள் இடத்துக்கு வருவோம். இது எந்தக் குழுவிலும் நடந்ததல்ல, நானே கட்டிய உதாரணம். மட்டக்களப்பின் கூத்துப் பாணிகளில் ஒன்றான வடமோடியில் ஒரு கூத்தை இங்கே பிறந்த பிள்ளைகளோடு செய்ய ஒரு குழு விண்ணப்பிக்கிறது என்று வையுங்கள். மாதிரியாக மூன்று நிமிடக் காணொளி. உயர்நிலைப் பள்ளி ஜிம்மில், சபைக்குப் பின்னாலிருந்து போனில் எடுத்தது. வெளிச்சம் மோசம். ஒருவர் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார், பின்னால் நிற்பவர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். கூத்துத் தெரியாத ஒரு நல்ல நெறியாளர் இதைப் பார்த்தால் "உற்சாகமான சமூக முயற்சி, கலைத்தரம் சாதாரணம்" என்று எழுதிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நீங்கள் அங்கே இருந்தால் என்ன சொல்வீர்கள்? "பாவம், எங்கள் பாரம்பரியம், அழிந்துபோகிறது, கொடுங்கள்" என்றா? தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அது இரக்கம் கேட்பது, அந்தக் கலைஞரை நீங்களே கீழே தள்ளுவது. சொல்ல வேண்டியது வேறு. இது வட்டக்களரியில், அதாவது சபை சுற்றிவர இருக்கும் வட்ட மேடையில், ஆட உருவான வடிவம், சுற்றி ஆடுவது அதன் இலக்கணம். இப்போது நடப்பது பாத்திரம் முதலில் மேடைக்கு வரும் வரவு, அரசனுக்கும் சாதாரண ஆளுக்கும் வரவு ஆட்டம் வேறுபடும். பின்னால் நிற்பவர்கள் பாத்திரத்தின் பாட்டைத் திருப்பிப் படிப்பது ஆடுகிறவருக்கு மூச்சும் தாளமும் கொடுக்க. இரண்டாவது நிமிடத்தில் மத்தளம் விரைவுபடும் இடத்தைப் பாருங்கள், கால் ஒரு தட்டும் தவறவில்லை. இந்தப் பையன் நன்றாகப் பழகியிருக்கிறான்.

இல்லை, கால் தவறுகிறது என்றால் அதையும் சொல்ல வேண்டும். அந்த மேசையில் அதைக் காணக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். தமிழ் என்பதற்காக மூடி மறைத்தால், அடுத்த சுற்றில் உண்மையாகவே உயர்ந்த கூத்து வரும்போது உங்கள் சொல்லை யார் நம்புவார்கள்? நல்ல கூத்துக்கும் சுமாரான கூத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அந்த மேசைக்குக் காட்டுவதுதான் கூத்துக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே குழு கூத்தின் ஆட்டத்தை வைத்து ஸ்காபரோவில் நடக்கும் ஒரு புதிய கதையைச் செய்ய வந்தால், "ஐயோ, பாரம்பரியத்தைக் கெடுக்கிறார்களே" என்று மேசையில் யாராவது கவலைப்படலாம். நல்லெண்ணத்தில்தான் கேட்பார்கள். அப்போது 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி, செப்பனிட்டு, நவீன மேடைக்குக் கொண்டுவந்ததைச் சொல்லுங்கள். எங்கள் மரபு அசையாமல் கிடந்த மரபு அல்ல என்பதை உங்களைத் தவிர வேறு யார் அங்கே சொல்லப்போகிறார்கள்?

பட்ஜெட்டைப் பற்றி ஒன்று. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் அதிகம் அடிபடுவது அங்கேதான் என்பது என் எண்ணம். மண்டபம், உடை, ஒலி, ஒளி, சாப்பாடு எல்லாம் சரியாக இருக்கும். கலைஞர்களின் ஊதியம் என்ற வரியில் பூச்சியம் இருக்கும். எங்களுக்கு அது பெருமை, எல்லோரும் கலைக்காகச் சும்மா செய்கிறோம். மேசையில் இருக்கும் மற்றவர்களுக்கு அது சுரண்டல். அதற்கும் இந்த நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. ஓவியர் ஜாக் சேம்பர்ஸ் முதலானோர் 1968இல் ஒன்ராரியோவின் லண்டன் நகரில் கார்ஃபாக் என்ற கலைஞர் அமைப்பைத் தொடங்கிப் போராடினார்கள். அதன் பலனாக 1975இல், கண்காட்சியில் படைப்பை வைக்கும் கலைஞருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும் என்பதை நிதி பெறும் காட்சிக்கூடங்களுக்குக் கனடா கலை மன்றம் நிபந்தனையாக்கியது. அந்த நினைவு இங்கே ஆழமாக இருக்கிறது. நீங்கள் குழுவில் இரண்டு பக்கத்தையும் புரிந்தவராக இருக்கலாம். ஆனால் பூச்சியத்தை நியாயப்படுத்தாதீர்கள். மத்தளக்காரருக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். அவர் சனிக்கிழமை இரண்டாவது வேலையை விட்டுவிட்டு ஒத்திகைக்கு வருகிறார்.

கூட்டத்தின் கடைசி மணித்தியாலம் கடினமானது, அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். புள்ளிகளைக் கூட்டி வரிசைப்படுத்தித் திரையில் காட்டுவார்கள். எங்கோ ஓரிடத்தில் பணம் முடிந்துவிடும். அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் கடைசி விண்ணப்பத்துக்கும் கீழே இருக்கும் முதல் விண்ணப்பத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இன்னும் இரண்டு பேரைச் சேர்ப்பதா, இல்லை கேட்டதை முழுதாகக் கொடுப்பதா என்ற வாதம் அப்போதுதான் வரும். நான் பெரும்பாலும் முழுதாகக் கொடுக்கும் பக்கம். கேட்டதில் பாதியைக் கொடுத்தால் முதலில் வெட்டுப்படுவது கலைஞரின் ஊதியம்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் கோட்டுக்குக் கீழே நின்ற பெயர்கள் சில நாள் மனதில் இருக்கும். இருக்கத்தான் வேண்டும்.

அடுத்தது, எங்கள் சமூகம் சின்னது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். உங்கள் சொந்த விண்ணப்பம், துணைவருடையது, குடும்பத்தவருடையது, நீங்கள் சம்பளம் வாங்கும் அல்லது நிர்வாகத்தில் இருக்கும் அமைப்பினுடையது என்றால் அது நேரடி நல முரண், அந்தச் சுற்றுக்கு உங்களை எடுக்கமாட்டார்கள், அல்லது அந்த விண்ணப்பம் பேசப்படும்போது வெளியேற வேண்டும். ஆளைத் தெரியும் என்பது மட்டும் முரண் ஆகாது. ஆனால் ஒருவரோடு மனக்கசப்பு இருந்தால் அதையும் முன்கூட்டியே அலுவலரிடம் சொல்லுங்கள். நட்பு மட்டும்தான் தீர்ப்பைக் கோணலாக்கும் என்று நினைக்காதீர்கள். பழைய கோபமும் அதே வேலையைச் செய்யும். பழைய கோபங்கள் எங்கள் நாடக உலகத்தில் எவ்வளவு இருக்கின்றன என்பது உங்களுக்கும் தெரியும்.

குழுவில் இருந்தவர்களின் பெயரைப் பிறகு வெளியிடுவார்கள். அப்போது தொலைபேசி வரும், அல்லது கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் வந்து இருப்பார்கள். "நீங்கள் இருந்தும் எங்களுக்குக் கிடைக்கேல்லையே அண்ணை" என்பார்கள். அந்தக் கேள்வியை நான் இரண்டு தடவை சந்தித்திருக்கிறேன், இரண்டு தடவையும் வயிறு கலங்கியது. என்ன பேசினோம், யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. "அதைப் பற்றி நான் கதைக்க ஏலாது. திட்ட அலுவலரைக் கூப்பிடுங்கோ, குழுவின்ர கருத்தை அவர் சொல்லுவார்" என்று மட்டும் சொல்லுங்கள். உண்மையிலேயே கூப்பிடச் சொல்லுங்கள். அலுவலரிடம் கருத்துக் கேட்கலாம் என்பதே எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கிடைக்கவில்லை என்ற கடிதத்தோடு மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். எழுத வராதவர்களுக்கு அடுத்த சுற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், நீங்கள் அந்தச் சுற்றின் குழுவில் இல்லாத பட்சத்தில். "எங்கள் ஆட்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா" என்று கேட்டீர்களே, செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் இதுதான், அறைக்கு வெளியே.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அங்கே மேடைப்பேச்சுப் பேசுகிறவரின் சொல்லைவிட, குறித்த இடத்தைக் காட்டுகிறவரின் சொல்லுக்குத்தான் எடை அதிகம். நான் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தமிழிலேயே குறிப்பு எழுதிவைப்பேன். காணொளியில் எந்த நிமிடம், பட்ஜெட்டில் எந்த வரி, எதில் எனக்குச் சந்தேகம் என்று மூன்றே வரி. கூட்டத்தில் அந்த மூன்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்வேன். "இரண்டு நிமிடம் பத்து வினாடி, திரும்ப ஒருக்கால் பார்ப்போமா?" என்று கேட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். மற்றவர்கள் பேசும்போது ஒரு சொல் விளங்காவிட்டால் கேளுங்கள். பலருக்கும் அது விளங்கியிருக்காது.

நீங்கள் விண்ணப்பிப்பது கெட்டுப்போகுமா என்றால், நீங்கள் மதிப்பிடும் அதே சுற்றில் அதே கிராண்டுக்குப் போட முடியாது, அவ்வளவுதான். வேறு திட்டத்துக்கோ அடுத்த சுற்றுக்கோ போடலாம். ஆகவே இந்த வருடம் எதற்கு விண்ணப்பிக்க நினைக்கிறீர்கள் என்று முதலில் முடிவெடுத்துவிட்டு, அதை அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். ஐம்பது விண்ணப்பம் படித்த பிறகு உங்கள் சொந்த விண்ணப்பத்தை நீங்கள் எழுதும் விதமே மாறிவிடும். அது ஒரு பட்டறையிலும் கிடைக்காத படிப்பு.

பெயர் கொடுக்கும் படிவத்தில் எந்தக் கலைகளைத் தெரியும் என்று கேட்பார்கள். அங்கே 'நாடகம்' என்று மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். அலுவலர் ஒரு சுற்றுக்கு ஆள் தேடும்போது வந்திருக்கும் விண்ணப்பங்களுக்கு ஏற்ற அறிவைத்தான் தேடுவார். வடமோடி, தென்மோடி, நவீன தமிழ் நாடகம், சிறுவர் அரங்கு, மத்தளம் என்று தெரிந்ததைத் தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது என்னவென்று ஒரு வரி விளக்கமும், எத்தனை வருடம் செய்தீர்கள் என்பதும் இருக்கட்டும். பள்ளி ஜிம்மில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பழக்கியதையும் சேருங்கள், அதுவும் அனுபவம்தான். எழுதியதை அனுப்ப முன் எனக்குக் காட்டுவதானால் சந்தோஷமாகப் பார்த்துத் தருகிறேன்.